திரையில் இரண்டு சவரிமுத்து

சவரிமுத்துவுக்குப் பித்தக்குழாயில் புற்றுநோய். குணமாகாது. அடைப்பை நீக்கினால் மஞ்சள்காமாலையும் அரிப்பும் அடங்கும், அவ்வளவுதான். அடைப்பைத் திறந்து வைக்க உள்ளேயே ஸ்டென்ட் என்ற சிறு குழல் வைப்பதா, விலாவில் குழாய் செருகிப் பித்தநீர் வடிய வெளியே பை மாட்டுவதா? அதை முடிவு செய்ய ஆஸ்பத்திரிக் கணினி இரண்டு சவரிமுத்துகளைச் செய்து, ஆளுக்கொரு முறையில் மிச்ச ஆயுளை வாழவைத்திருந்தது.

மகள் ஜெசிந்தா திரையைப் பார்த்து, “எப்படிப்பா இருக்கு?” என்றாள்.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “அப்படியே அவரை உரிச்சு வச்ச மாதிரி செஞ்சது தப்பாப் போச்சு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா.”

கதவு சாத்தியதும் உள்ளே பேச்சு மாறியது. அவள் ஒட்டுக்கேட்டாள்.

“ஸ்டென்ட் அடிக்கடி அடைச்சுக்குது டாக்டர். குளிர்காய்ச்சல் ஆளை உலுக்குது,” என்றார் முதலாமவர்.

“எனக்குப் பை நிம்மதியாத்தான் இருக்கு,” என்றார் மற்றவர். “ஆனா தினமும் அதைக் கழுவுறது என் பொண்ணு. நிஜ ஆளுக்கு உள்ளேயே வச்சிடுங்க.”

வார்டில் நிஜ சவரிமுத்து கையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: “என்னம்மா சொன்னாங்க?”

“பைதான் நல்லதாம்ப்பா,” என்றாள் ஜெசிந்தா. “இப்ப வர்ற பை தன்னைத்தானே கழுவிக்குமாம்.”