அசையாத மீன்

"வா தம்பி, என் மடியில வந்து படுத்துக்கோ" என்று மீன் தொட்டிக்குள் பூப்போல விரிந்திருந்த கடல்சாமந்தி என்னும் உயிரினம் கொஞ்சிக் கூப்பிடக் கூப்பிட, கோமாளி மீனுக்குச் சந்தேகம்தான் கூடியது.

கோமாளி மீன்கள் வழக்கமாகச் சாமந்தியின் மடியில்தான் பத்திரமாக வாழும். இந்த மீனுக்கும் அந்த ஆசையைக் காட்ட, வீட்டுக்காரர் தொட்டியின் கண்ணாடியில் ஒரு படத்தை ஒட்டினார். அதில் இன்னொரு கோமாளி மீன் ஒரு சாமந்தியின் மடியில் சொகுசாகக் கிடந்தது.

"மூணு நாளா அவன் அசையவே இல்லையே!" என்று முணுமுணுத்தது மீன்.

ஒன்றும் பலிக்கவில்லை என்று நான்காம் நாள் அவர் படத்தைப் பிய்த்தெடுத்தார்.

"ஐயையோ, அந்தச் சாமந்தி அவனை முழுசா முழுங்கிட்டா!" என்று அலறியபடி ஓடிய மீன், தண்ணீர் உறிஞ்சும் மோட்டாரின் வாயருகே போய் ஒண்டிக்கொண்டது. மோட்டார் அதன் வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது.

"இவரை நம்பலாம்" என்றது மீன், கிழிந்த வாலோடு. "கொஞ்சிக் கூப்பிடாம, நேரா இழுக்கிறாரு."