கை காய இரண்டு நிமிடம்

மீட்டர் பூஜ்யம்தான் காட்டியது. ஆனாலும் அவள் அவனை விடவில்லை.

நகப்பூச்சு காயக் காத்திருக்கும் மணப்பெண்ணைப் போல, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து உட்கார்ந்திருந்தான். மதியத்திலிருந்து கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து, கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட கதிரியக்கப் பொடியை அளந்தவன். விரல் இடுக்கெல்லாம் வியர்வை.

"பொறுத்தார் பூமி ஆள்வார்ங்கிறது சரிதான் அக்கா. பஸ்ஸைப் பிடிக்க மாட்டாரே."

அவள் சிரிக்கவில்லை. எட்டு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய கையையும் சோதிப்பவள் அவள்தான். 'கறார் அக்கா' என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை.

அந்தப் பொடியின் ஆல்பா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாத சோப்ளாங்கி. ஆனால் மூச்சிலோ வாயிலோ துளி உள்ளே போய்விட்டால், எலும்பில் குடியேறி ஆளை மெல்லத் தின்றுவிடும். அதற்காகத்தான் பெட்டி, உறை, எங்கே ஓட்டை விழுந்தாலும் காற்று உள்பக்கமே இழுபடுகிற ஏற்பாடு எல்லாம்.

இவ்வளவு யோசித்தவர்களால் வியர்வையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையில் ஈரம் இருந்தால் அந்த ஈரமே கதிரை விழுங்கிவிடும். மீட்டர் வாயைத் திறக்காது. காயாத கைக்கு வெளியே போகக் கையெழுத்து இல்லை என்பது அவள் போட்ட சட்டம்.

இரண்டு நிமிடம் ஆனது. மீட்டரை மறுபடி மெல்ல நகர்த்தினாள். விரல்களில் ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டில் ஒரு 'டிக்'. பிறகு விடாமல்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. கழுவினால் போய்விடும், பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

மணிக்கட்டு என்றால் உறையின் விளிம்பு உரசுகிற இடம். அந்த இடது உறை பழசாகிவிட்டதென்று இன்று காலையில் கழற்றி, புதிது மாட்டியது அவள்.

மாட்டி முடித்ததும் கை கழுவினாள். அதற்குள் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பால் கட்டி மார்பு கனத்து, உடை நனையத் தொடங்கியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம். ஈரக் கையை மீட்டரில் காட்டினாள், பூஜ்யத்தைப் பார்த்தாள், தன் பெயருக்கு நேரே தானே கையெழுத்துப் போட்டாள், பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடினாள்.

இப்போது மீட்டரைத் தன் மணிக்கட்டுக்குக் கொண்டுபோனாள்.

டிக்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். சுவர்த் தொலைபேசியில் காப்பகத்துக்கான பொத்தானை முழங்கையால் அழுத்தினாள்.

"ஆயாம்மா, பாப்பா கையை வாய்ல வைக்காம பாத்துக்கங்க. மீட்டரோட ஆள் அனுப்பறேன். நான் இப்ப வரக் கூடாது."