வெள்ளைக் கட்டத்து மரம்

"மரத்தைச் சுத்தி என்ன இது வெள்ளைக் கட்டம்? மரம் வெச்சியா, ஸ்டாம்ப் ஒட்டினியா?"

கட்டட வரைபட ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி, அதை நடத்தும் மேடம் கத்தினார். எதிரில் புதுக் கட்டடம் கட்டப்போகும் முதலாளி வேறு உட்கார்ந்திருந்தார்.

வரைபடக்காரன் பென்சில் தலையைக் குனிந்துகொண்டான். ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பெயர். மற்றபடி அவன் பென்சிலைத் தொட்டே பல வருஷம் ஆகிறது, எல்லாம் கம்ப்யூட்டர்தான்.

மேடத்துக்கு வெள்ளைக் கட்டம் என்றால் ஆகவே ஆகாது. மரமோ காரோ நாயோ, வரைபடத்தில் ஒட்டும் படத்துக்குப் பின்னணி இருக்கக் கூடாது. அடியில் உள்ள கோடுகள் தெரிய வேண்டும்.

"ஒரே க்ளிக்! அதுகூடத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?"

பென்சிலுக்கா தெரியாது? தெரிந்தேதான் அந்த ஒரு மரத்துக்கு மட்டும் வெள்ளையை விட்டு வைத்திருந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. அவன் ஒரு கழிப்பறையை மரத்தில் மறைத்திருந்தான்.

கேட்டில் நிற்கும் காவல்கார அம்மாவுக்காக. முதலாளியின் பழைய கட்டடத்தை அளக்கப் போன அன்று, பென்சில் நீட்டிய தண்ணீர் பாட்டிலை அந்த அம்மா வாங்கவில்லை.

"வேணாம் தம்பி. குடிச்சா அப்புறம் எங்க போறது?"

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மேடம் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

புதுக் கட்டடத்தில் அவன் வரைந்த கழிப்பறையை முதலாளி இரண்டு முறை சிவப்பு மையால் அடித்தார். "கேட்டுலயே கக்கூஸா? என் கௌரவம் என்னாகிறது?"

மேடமும், "சார் சொன்னா எடுத்துடு. நமக்கெதுக்கு வம்பு?" என்றுவிட்டார். அன்றோடு அவர்மேல் இருந்த மரியாதை அவனுக்குப் போய்விட்டது.

அதனால்தான் மரம். முதலாளி காகிதத்தில் மரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆனால் மரப்படம் தனி ஃபைல். கான்ட்ராக்டருக்கு அனுப்பும்போது அதை மறந்துவிட்டால், அவர் திரையில் மரம் வராது, அறை மட்டும் வரும். கட்டிவிடுவார். அப்புறம் வேலை போனால் போகட்டும்.

"அந்த வெள்ளையை எடுத்துடுங்களேன் மேடம்," என்றார் முதலாளி. "பத்தொம்பது மரத்துக்குப் புல் தெரியுது. இதுக்கு மட்டும் ஏன் தெரியல?"

மேடம் மௌஸைப் பிடுங்கினார். வெள்ளை போனால் அறையின் நாலு மூலையும் பல்லிளித்துவிடும்.

மேடம் திரைக்குக் கிட்டே குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மௌஸைக் கீழே வைத்தார்.

"சார், தப்பு என்னுது. இது கட்டமே இல்ல. வெள்ளைக் கூழாங்கல். மரத்தைச் சுத்திச் சதுரமாக் கொட்டுவாங்க, இப்ப அதான் ஃபேஷன். நான்தான் போடச் சொன்னேன், மறந்தே போச்சு."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அட! அப்ப மீதிப் பத்தொம்பதுக்கும் போடுங்க!"

ஆபீஸ் மானத்தைக் காப்பாற்ற இந்த வாய் எந்தப் பொய்யும் சொல்லும் என்று உள்ளுக்குள் பொருமியபடியே, பென்சில் எல்லா மரத்துக்கும் வெள்ளையை வரவழைத்தான். தோட்டம் முழுக்கக் கைக்குட்டை காயப்போட்ட மாதிரி இருந்தது. முதலாளி ரசித்து ரசித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மேடம் பென்சிலின் மேஜைக்கு வந்தார்.

"கான்ட்ராக்டருக்கு எப்ப அனுப்பற?"

"இப்பதான் மேடம்."

"மரத்தை அனுப்ப மறந்துடு."

பென்சில் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"மறைக்கிறவன் கொஞ்சம் பெரிய மரமா வைக்கக் கூடாது? கதவு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது," என்றார் மேடம். "அப்புறம், அந்த அறைக்கு வெளியில ஒரு குடிதண்ணிக் குழாயும் சேர்த்துடு. அந்தம்மா இனியாவது தண்ணி குடிக்கட்டும்."