காலி நாற்காலிக்கு இரண்டு நிமிடம்

பர்ட்டன் கேமராவை மெல்லத் திருப்பிக் காலி நாற்காலியின் மேல் நிறுத்தினார்.

மேடையோரத்து டிவியில் அந்த நாற்காலி வந்தது. அதன் முன்னால் மேஜையில் 'மெரில் கோடன்' என்று எழுதிய அட்டை. பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பனி, எங்கேயும் போய்ச்சேர வேண்டிய அவசரம் இல்லாததுபோல விழுந்துகொண்டிருந்தது.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிடம்.

மெரிலை எதிர்த்துப் போட்டியிடும் கொரீன் பக்கத்து நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது அவள் கேட்டு வாங்கிய விதி.

பள்ளிக் குழுவுக்குப் போட்டியிடுகிறவர்கள் ஊர்ச் சேனலில் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. சேனல் யார் பக்கமும் சாயக் கூடாது. ஒருவர் முகத்தை இன்னொருவர் முகத்தைவிடப் பெரிதாகக் காட்டக் கூடாது. யாரும் கைதட்டக் கூடாது. பர்ட்டன் காப்பி ஊற்றினால்கூட எல்லாக் கோப்பையிலும் ஒரே மட்டம்தான்.

போன தேர்தலில் மெரில் வரவே இல்லை. அவன் முறையைத் தாண்டிக்கொண்டு போனார்கள், அப்படியும் ஜெயித்துவிட்டான். வந்தவருக்கு எவ்வளவு நேரமோ, வராதவர் நாற்காலிக்கும் அவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று இந்த முறை கொரீன் மல்லுக்கட்டினாள். அதுதான் நியாயம் என்று சேனல்காரர்களும் தலையாட்டிவிட்டார்கள். அவளுக்கு நியாயம் ஒரு சாக்கு. வராதவன் மானம் ஊரறியப் போகட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

ஆனால் இந்த முறை மெரில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

ஊர்ப் பள்ளியை மூடிவிடலாம் என்கிறவன் மெரில். அவன் மறுபடி ஜெயித்தால் அதற்குப் பூட்டு. பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். கொரீனின் மகள் ஓடெட் இரண்டாம் வகுப்பு. பஸ் என்றாலே வாந்தி எடுக்கிற பிள்ளை.

"இந்தப் பனியில, அந்த மலை ரோட்டுல, பிள்ளைங்கள பஸ் ஏத்தி அனுப்ப உங்களுக்கு மனசு வருமா?" என்று இப்போதுதான் கேட்டு முடித்திருந்தாள். பாதித் தலைகள் ஆடின. அதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

இப்போது நாற்காலியின் முறை.

மண்டபத்தில் சத்தமே இல்லை. குளிருக்காகச் சுவரோரம் ஓடிய வெந்நீர்க் குழாய் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு, மடியில் சூப் கிண்ணத்தோடு, எல்லோரும் இந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கப் பார்க்கப் பனி அப்படியே நின்றுவிட்டு, மண்டபம்தான் மெதுவாக மேலே போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கொரீனுக்குக்கூடக் கண் சொக்கியது. எதற்காக இங்கே வந்தோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"இன்னைக்குப் பேசினதுலயே இந்த நாற்காலிதான்யா நல்லாப் பேசுது" என்றார் பின்வரிசையில் ரோலண்ட்.

கூட்டம் குலுங்கியது. கூட்டத்தை நடத்தும் லூயெல்லா பென்சிலால் மேஜையைத் தட்டினாள்.

அப்போது ஜன்னலில் ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று எட்டிப்பார்த்தது.

வெளிச்சம் வளர்ந்தது. பனி தள்ளும் வண்டி, முன்னால் பெரிய இரும்புத் தகடோடு, மலையிலிருந்து இறங்கி வந்தது. அது கடந்துபோன இடத்தில் ரோடு கறுப்பாக, சுத்தமாகத் திறந்துகொண்டது. ஊரில் அந்த வண்டியை ஓட்டுகிறவன் ஒரே ஆள்தான். மெரில்.

வண்டி போய்த் திரும்பி வந்து, மண்டபத்து வாசலையும் வழித்துவிட்டது.

பர்ட்டன் லூயெல்லாவைப் பார்த்தார். லூயெல்லா உதட்டைப் பிதுக்கினாள். ஜன்னலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நேரம் முடியும் முன்னால் கேமராவைத் திருப்பினால் அதுதான் ஒருபக்கம் சாய்வது.

யாரும் கைதட்டவில்லை. ஆனால் தன்னைப் பார்த்து ஆடிய தலைகளெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததைக் கொரீன் பார்த்தாள். அவள் கேட்ட கேள்விக்கு மெரில் வாயே திறக்காமல் பதில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கதவு திறந்தது. தொப்பியிலும் புருவத்திலும் பனியோடு மெரில் உள்ளே வந்தான்.

"கடைசி வார்த்தைக்கு வந்து சேர்ந்தியே, அது வரைக்கும் புண்ணியம். உட்காரு" என்றாள் லூயெல்லா.

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கேமராவைப் பார்த்து மிரண்டான். மைக்கைத் தடவிப் பார்த்தான். பிறகு, ஊரிடம் சொல்ல ஒன்றும் இல்லாதவன்போல, கொரீன் பக்கம் திரும்பினான்.

"உங்க வீட்டுக்குக் கீழ, பாலத்துக்கிட்ட பனி மூடிருச்சு, ஒரு வண்டி போக முடியலன்னு சாயங்காலம் ஃபோன் பண்ணீங்களாம். அதான் அங்க போயிட்டேன். இப்ப சுத்தமா இருக்கு, கொரீன். பயப்படாம வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான். மிச்ச நேரம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டான்.

அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். துளியும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

பர்ட்டன் கேமராவை அவள் பக்கம் திருப்பினார். டிவியில் அவள் முகம் வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கண்ணுக்குள் ஓடெட் வந்து நின்றாள்.

கொரீன் மைக்கை அருகில் இழுத்தாள்.

"நான் ஃபோன் பண்ணினப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு, மெரில். இந்த நாற்காலி காலியா இருக்கணும்னுதான் பண்ணினேன்."