நிதானத்துக்கும் கை தவறும்

"பொண்ணு கலர் கொஞ்சம் மட்டு. எல்லாப் படத்துலயும் ஒரு பூச்சு ஏத்திக் கொடுத்துடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாதிரி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, புரட்டாமல் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்து மூடிக்கொண்டான்.

ஸ்டூடியோக்காரருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் மகளுக்கும் அடுத்துக் கல்யாணம். வீடு தேடி வரும் வேலையை யார் விரட்டுவார்கள்? "செஞ்சிடலாம்மா" என்று தலையாட்டிவிட்டார்.

வேலை நிதானத்திடம் போனது. எடிட்டிங் அறையில் இருப்பவளுக்கு ஸ்டூடியோவே சேர்ந்து வைத்த பெயர் அது.

பெயர் சும்மா வரவில்லை. அந்த சாஃப்ட்வேரில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. கண்ணெதிரே ஒரு படம்தான் இருக்கும். பின்னால் மொத்தக் கல்யாணமும் செலக்ட் ஆகியிருக்கும். ஒன்றுக்குச் செய்வதாக நினைத்துச் செய்தால், அத்தனைக்கும் ஆகிவிடும். படத்துக்குள் இருக்கும் முகங்களுக்கும் இதே கதைதான். இவளுக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் ஒரு படத்தில் மேலே கொஞ்சம் வெட்டினார். மறுநாள் பார்த்தால் மணமக்கள் உட்பட ஒருவருக்கும் தலை இல்லை. சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

நிதானம் அப்படி இல்லை. முதலில் காலி இடத்தில் கிளிக் செய்து எல்லாவற்றையும் விடுவிப்பாள். கீழே வரிசையாக இருக்கும் சின்னப் படங்களை ஒரு நோட்டம் விடுவாள். வேண்டியதை மட்டும் தொட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து, மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவாள். டீ குடிக்கும்போது மற்றவர்கள் கிளாஸை அப்படியே சுற்றிச் சுற்றிப் பார்த்து அவளைக் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஸ்டூடியோக்காரருக்கு அவளிடம் உள்ளூர ஒரு மரியாதை. அவள் முடித்த வேலையைத் திறந்து பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார்.

அன்றும் பார்க்கவில்லை. படம் தேர்ந்தெடுக்க வந்த குடும்பத்தை உட்காரவைத்து, பெரிய டிவியில் போட்டுவிட்டார்.

முதல் படம் வந்தது.

பெண் வெளுத்திருந்தாள். மாப்பிள்ளையும் வெளுத்திருந்தான். மாப்பிள்ளையின் அம்மா சலவைக்குப் போய் வந்தது போலிருந்தார். பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஆள்வரை ஒருவர் மிச்சமில்லை. பதறிப்போய் அடுத்ததற்குப் போனார்; அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"அம்மா, இது நீங்களா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

அந்த அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று ஸ்டூடியோக்காரர் நினைத்தார். ஆனால் குரல் உடைந்துதான் வந்தது.

"இது என் முகமே இல்லையே. நாளைக்குப் பேரன் பேத்தி பாத்தா, யார் இந்தப் பொம்பளைன்னுல்ல கேக்கும்?"

கோபம் அதற்குப் பிறகு வந்தது. நிதானத்தைக் கூப்பிட்டார்கள். கை தவறிவிட்டது என்றாள் அவள். பொண்ணுக்கு மட்டும் வைக்க வேண்டியது எல்லாருக்கும் விழுந்துவிட்டது, அசல் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றாள். ஒரு பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன ஏது என்று பார்க்கிற பழக்கமே கிடையாதா என்று அந்த அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். நிதானம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். ஸ்டூடியோ ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழையபடி ஆக்கிடுறோம்மா. பொண்ணுக்கு மட்டும் வேணா தனியா..." என்று இழுத்தார் ஸ்டூடியோக்காரர்.

"ஒரு மண்ணும் வேணாம். நீங்க கை வச்ச லட்சணத்தைத்தான் பாத்தாச்சே. எல்லாரும் இருக்கிறபடி இருக்கட்டும். என் பொண்ணு கல்யாணத்துக்கும் இதேதான், சொல்லிட்டேன்."

அந்தப் பெண் மெல்ல நிமிர்ந்தாள். ஹாலில் மாட்ட ஒரு படத்தைப் பெரிசு பண்ண முடியுமா என்று கேட்டாள். அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். எந்தப் படம் என்று மாப்பிள்ளை அவளிடமே கேட்டான்.

அவர்கள் போனதும் ஸ்டூடியோக்காரர் எடிட்டிங் அறைக்குப் போனார். திட்டத்தான் போனார், அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தப்பு. அதற்குப் பத்துப் பேர் முன்னால் அத்தனை பேச்சு வாங்கியிருக்கிறாள்.

"விடும்மா, யானைக்கும் அடி சறுக்கும். ஆனா ஒண்ணுதான் புரியலை. அழுத்துறதுக்கு முன்னாடி எப்பவும் பாப்பியே, அன்னிக்கு மட்டும் எப்படிப் பாக்காம விட்டே?"

"பாத்தேன் சார்" என்றாள் நிதானம். "எல்லா முகமும் செலக்ட் ஆகியிருக்கான்னு ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் அழுத்தினேன். அந்தம்மா முகம் ஒண்ணுகூட விட்டுப்போயிடக் கூடாதுல்ல."