ஞானதுரையின் முறை

ஞானதுரை எழுந்து நின்றதும் பக்கத்து நாற்காலிக்காரர் தன் பொங்கல் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"வணக்கம். நான் ஞானதுரை, அனுமந்தன்பட்டி. இறந்தவங்கள வைக்கிற ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுறேன். ஆம்புலன்சும் இருக்கு. கம்பத்துலருந்து தேனி வரைக்கும் எப்பக் கூப்பிட்டாலும் வருவேன்."

ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். அவர் பாதியிலேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தேனியில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால் அது. செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் தொழில் செய்கிறவர்கள் கூடுவார்கள். டைல்ஸ் கடை, ஏலக்காய் மண்டி, பல் டாக்டர், அழகு நிலையம் என்று ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒருவருடைய தொழிலுக்கு இன்னொருவர் ஆள் பிடித்துத் தர வேண்டும். அதற்கு ரெஃபரல் என்று பெயர்.

அவரை இதில் சேர வைத்தது அவர் மனைவி மதலேனாள்.

இரண்டாவது பெட்டி வாங்கி, அது வேலையில்லாமல் கிடந்த சமயம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் புது ஆட்கள் பெட்டி இறக்கிவிட்டார்கள். ஊர்ப் பழக்கத்தை மட்டும் நம்பி இனிமேல் ஓட்ட முடியாது, வெளியே நாலு பேர் முகம் பழக வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். விசிட்டிங் கார்டு அடிக்க வைத்தாள். அந்த ஒரு நிமிடப் பேச்சை அடுப்படியில் அவரை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்லி, தலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

கார்டை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், காலி காப்பி டம்ளர்களுக்குப் பக்கத்தில் மேஜையிலேயே கிடக்கும். ஒருவர் மட்டும் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் திட்டுவார்கள் என்றார்.

ஒருமுறை டைல்ஸ் கடைக்காரரின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு, "அம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டார் ஞானதுரை. டைல்ஸ் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் அங்கே யாரிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் மதலேனாள் கேட்பாள், இன்றைக்கு யார் யார் பேசினார்கள் என்று. பல் டாக்டர் நல்லாப் பேசினார் என்பார். ஏலக்காய் மண்டிக்காரர் நம்பர் வாங்கிக்கொண்டார் என்பார். அவள் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டே சோறு போடுவாள்.

ரெஃபரல் வாங்குவது இருக்கட்டும், கொடுக்கவும் அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. சாவு வீட்டில் நின்றுகொண்டு பந்தலுக்கும் பூவுக்கும் ஆள் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் தன் முறை வரும்போது "இந்த வாரம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

இன்று அவர் தாமதமாகத்தான் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, முகம் மழிக்கவில்லை. செல்போனை மேஜையில் நிமிர்த்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலைத் தொடவில்லை.

ரெஃபரல் சொல்லும் நேரம் வந்தது. அழகு நிலையம் சுபாஸ்ரீதான் இந்த வருடத் தலைவி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஞானதுரையின் பெயரைச் சொன்னபோதே அடுத்த பெயரைத் தேடிக் கண் கீழே போய்விட்டது.

"இருக்கும்மா," என்றார் ஞானதுரை. "பந்தல் போடுறாரே வீரணன், அவருக்கு ஒண்ணு."

ஹால் முழுக்கக் கைதட்டியது. டைல்ஸ் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துத் தட்டினார். இரண்டு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். பின் வரிசையில் இருந்த வீரணன் குறித்துக்கொள்ளச் செல்போனை எடுத்தபடி சிரித்தான்.

"எந்த ஊருண்ணே?"

"அனுமந்தன்பட்டிதான். வாசலை அடைச்சு ஒரு பந்தல், நூறு சேரு. வெயில் இறங்காம போட்டுருப்பா."

"என்னைக்குண்ணே விசேஷம்?"

"தேதி சொல்ல முடியல. ரெண்டு நாளோ மூணு நாளோன்னு டாக்டர் சொல்லுறாக. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு காலையில சொல்லிட்டாக."

கைதட்டல் நின்றுபோயிருந்தது.

"யாரு வீட்டுக்குண்ணே?" என்றான் வீரணன். சிரிப்பு இன்னும் அவன் முகத்தைவிட்டு முழுதாகப் போகவில்லை.

"நம்ம வீட்டுக்குத்தான். மதலேனாளுக்கு." ஞானதுரை செல்போனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பெட்டி நம்மகிட்ட இருக்கு. பந்தலும் சேரும் மட்டும் போதும்."

கீழே ரோட்டில் கம்பம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தோளைத் தொடக் கையைத் தூக்கினார். தொடவில்லை.

சுபாஸ்ரீ மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் அருகே வந்தார். "ஆஸ்பத்திரியிலருந்தா வர்றீங்க? இன்னைக்கு எதுக்கு சார் வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவதான் அனுப்புனா," என்றார் ஞானதுரை. "ஒரு வாரமாச்சும் வெறுங்கையோட நிக்காதீக, இதக் கொண்டுபோய்ச் சொல்லுங்கன்னா."