பிங்க் தண்ணி

"மெக்கானிக் தம்பியே? நல்ல நேரத்துக்கு வந்தீர்! இரவைக்கு மைனஸ் எட்டாம். கெதியா வாரும்!"

கஜீவன் காரின் கதவைக்கூட இன்னும் சாத்தவில்லை; கொண்டுவந்த லட்டுப் பெட்டியும் சீற்றிலேயே கிடந்தது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்த வீட்டின் ட்ரைவ்வேயை முழுதாக அடைத்துக்கொண்டு ஓர் ஆர்.வி. நின்றது. கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கிற பெரிய வாகனம். அதற்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு, கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார் தவமலர். அந்த நகரில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோபிகாவின் அம்மா.

கோபிகாவைத் தனக்குக் கட்டித்தரச் சொல்லிக் கேட்கத்தான் கஜீவன் பக்கத்து நகரமான விட்பியிலிருந்து வந்திருந்தான். வரச் சொன்னது நாலு மணிக்கு. பதற்றத்தில் மூன்றேகாலுக்கே வந்து நின்றான் மகாராசன்.

"அன்ரி, நான் வந்து..."

"வந்தது தெரியுது. நாலு மணிக்கு என்ர மகளைக் கேட்டு ஆரோ ஒரு பெடியன் வாறானாம். பாங்கில வேலையாம். ஒரு தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிவிடுவம். அதுக்கு முதல் உந்த வேலையை முடிச்சுத் தாரும்."

இந்த நிலைமையில் 'அந்தப் பெடியன் நான்தான்' என்று எந்த மடையனாவது சொல்லுவானா?

"ஏன் அன்ரி, அவர் நல்ல பெடியனா இருக்கலாமெல்லே?"

"இருக்கலாம். ஆனா கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறதுகளுக்குக் கையில ஊத்தை படக்கூடாது. நாளைக்கு வீட்டில பைப் வெடிச்சா, பாத்துக்கொண்டெல்லோ நிப்பான்! சரி, தொடங்கும். குழாய்க்குள்ள தண்ணி நிண்டா இரவைக்கு உறைஞ்சு வெடிச்சிடும். தொட்டிக்குக் கீழ இருக்கிற மூடியைக் கழட்டித் தண்ணியை வடிய விட்டிட்டு, உந்த பிங்க் தண்ணியைப் பம்பால அடியும். அது உறையாது."

கஜீவன் திரும்பி நின்று, தேத்தண்ணியோடு கடிக்க ரோல்ஸ் வாங்கப் போயிருந்த கோபிகாவுக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினான்: 'உன்ர அம்மா என்னை மெக்கானிக் எண்டு நினைச்சிட்டா!'

பதில் ஒரே சொல்லில் வந்தது: 'சமாளி.'

நல்ல காதலி! வேறு வழியில்லாமல் போனிலேயே ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்தான். பம்பைப் போட்டுவிட்டுக் குசினிப் பைப்பைத் திறந்ததும் முதலில் குழாயில் கிடக்கிற தண்ணீர் வருமாம். பிறகு புஸ் புஸ்ஸென்று காற்று வருமாம். கடைசியாகத்தான் பிங்க் வருமாம். பிங்க் வந்தால் வேலை முடிந்ததாம்.

அயன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டோடு, ஐஸாய்க் குளிர்ந்த சீமெந்தில் மல்லாக்கப் படுத்து வாகனத்துக்குக் கீழே நகர்ந்தான். மூடியைக் கழற்றியதும் மூக்கில் இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

"அன்ரி, தண்ணியைக் காணேல்லை!"

"கொஞ்சம்தான் இருந்திருக்கும். மூடியைப் பூட்டும். அது சரி, சமைப்பீரோ தம்பி?"

"சோறும் பருப்பும் வைப்பன் அன்ரி."

"அம்மாவோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறனீரோ?"

"ஓம் அன்ரி."

எங்கள் ஆட்கள் டயர் மாற்ற வருகிறவனிடமும் இதையெல்லாம் கேட்பார்கள். ஆகவே அவன் ஒன்றும் யோசிக்கவில்லை.

பிங்க் தண்ணிக் கலனுக்குள் பம்பின் குழாயை இறக்கி, பம்பையும் போட்டாயிற்று. உள்ளே போய்க் குசினிப் பைப்பில் கை வைத்தான். பின்னாலேயே ஏறிவந்த தவமலர் சுவரை ஆசையோடு தடவினார்.

"இருபத்தெட்டு வருசம் ஒரே றோட்டில ஓடினன் தம்பி. இதை வாங்கின பிறகுதான் நினைச்ச பக்கம் திருப்புறன். பாத்துச் செய்யும்."

அவ்வளவுதான், கஜீவனின் கை நின்றுவிட்டது. வீடியோவை நம்பி எங்கேயாவது பிழை விட்டிருந்தால்? இந்த மனுசியின் சந்தோசமெல்லாம் இன்றிரவு வெடித்துப் போகுமே! பெண் கிடைக்காவிட்டால் போகட்டும், இந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைத்தான்.

"அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் மெக்கானிக் இல்லை. எனக்கு உதில ஒண்டுமே தெரியாது. தயவுசெய்து தெரிஞ்ச ஒராளைக் கூப்பிட்டு ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. நான்... அந்த நாலு மணிப் பெடியன்."

முடிந்தது கதை. இனித் தேத்தண்ணியும் கிடைக்காது.

தவமலரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கதை பிறகு. முதல்ல பைப்பைத் திறவும்."

திறந்தான். எடுத்த எடுப்பிலேயே பளிச்சென்று பிங்க் கொட்டியது. தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை.

"அன்ரி... உதுக்குள்ள ஆரோ முதலே அடிச்சிருக்கினம்!"

"ஆரோ இல்லை, நான்தான். போன சனிக்கிழமையே அடிச்சிட்டன்," என்றார் தவமலர், அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் குலுங்கி வெளியே வர. "நான் மெக்கானிக் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. காருக்குள்ள வைச்சிருக்கிற லட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ள வாரும், மருமகன்."